ஓப்பன்ஃபோம்: காசில்லாம கிடைக்கிற சிஎஃப்டி சாஃப்ட்வேர், நம்பி எறங்கலாமா?

தண்ணியோ காத்தோ ஒரு தடையைச் சுத்தி எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாக்கணும் (இதைத்தான் சிஎஃப்டிங்கறாங்க), லைசென்ஸ் வாங்கக் காசு இல்லைன்னா தாராளமா ஓப்பன்ஃபோம் எடுத்துக்கலாம். 2004ல இருந்து ஓப்பன் சோர்ஸ், எத்தனை ப்ராசஸர் கோர்ல வேணா ஓட்டிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க.

ஆனா மவுஸ்ல க்ளிக் பண்ணியே வேலைய முடிச்சிடலாம்னு வராதீங்க. எல்லாமே டெக்ஸ்ட் ஃபைல்தான், 0, கான்ஸ்டன்ட், சிஸ்டம்னு மூணு ஃபோல்டர், பவுண்டரி கண்டிஷன் (ஓரங்கள்ல ஓட்டம் எப்படி இருக்கணுங்கறது) 0ல, விஸ்காசிட்டி (பிசுபிசுப்பு) கான்ஸ்டன்ட்ல, டைம் ஸ்டெப் (கணக்குல நேரம் ஒரு தடவைக்கு எவ்வளவு நகரணுங்கறது) சிஸ்டம்ல, ஒரு செமிகோலன் விட்டுப்போனாலே எர்ரர் அடிச்சு நின்னுடும். 2டி கேஸா இருந்தாலும் கனத்துக்கு ஒரு செல் (இடத்தைப் பிரிக்கிற குட்டிக் கட்டம்) வச்சு, அந்தத் திசையில கணக்கு வேண்டாம்னு முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கத்தையும் எம்ப்டின்னு குடுக்கணும்.

புதுசா வர்றவங்க அதோடவே வர்ற மோட்டார்பைக் டுடோரியலுக்கு (பைக்கைச் சுத்தி காத்து ஓடற பயிற்சி) ஓடாதீங்க, படம் சூப்பரா வரும், சரியா தப்பான்னு மட்டும் தெரியாது. மொதல்ல ஒரு சிலிண்டரைப் போடுங்க, அதுக்கு விடை ஏற்கெனவே ஊரறிஞ்சது. ரெனால்ட்ஸ் நம்பர் (வேகத்தையும் அளவையும் பிசுபிசுப்போட ஒப்பிடற எண்) 40ல பின்னாடி ரெண்டு சுழல் ஒட்டிக்கிட்டு அசையாம நிக்கும், சுமார் 47 தாண்டினா மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு மாறி மாறிக் கழண்டு ஓட ஆரம்பிக்கும், கார்மன் சுழல் வரிசைன்னு சொல்றது இதைத்தான், அத மொதல் தடவ ஸ்க்ரீன்ல பாக்கறப்போ வர்ற சந்தோஷமே தனி! ரெனால்ட்ஸ் நம்பர் 100ல ஸ்ட்ரௌஹல் நம்பர் (சுழல் எவ்வளவு வேகமா கழலுதுன்னு சொல்ற எண்) 0.165 கிட்டயும் டிராக் கோஎஃபிஷன்ட் (ஓட்டம் சிலிண்டரை இழுக்கற விசைய சொல்ற எண்) 1.33, 1.35 அந்த மாதிரியும் வரணும்.

வரலைன்னா சாஃப்ட்வேரைத் திட்டாம மூணு எடத்தைப் பாருங்க. ஃபர்ஸ்ட் ஆர்டர் அப்விண்ட் ஸ்கீம் (ஓட்டத்தைக் கணக்குப் போடற ஒரு எளிய முறை) போட்டிருந்தா அது தானா ஒரு விஸ்காசிட்டிய சேத்து சுழலை அமுக்கிடும். பக்கச் சுவர் ரொம்ப கிட்ட இருந்தா டிராக் ஏறிடும். ஃபோர்ஸ் கணக்குல குடுக்கற ஏரியா, விட்டத்தை அந்த ஒரு செல் கனத்தால பெருக்கினதா இருக்கணும், நெறைய பேர் வெறும் விட்டத்தைப் போட்டுட்டு நம்பர் எங்கயோ இருக்கேன்னு முழிப்பாங்க.

எனக்குப் பிடிக்காதது, ஒரே பேர்ல ரெண்டு வெர்ஷன் தனித்தனியா வருது, ஓப்பன்ஃபோம் ஃபவுண்டேஷனோடது ஒண்ணு, ஈஎஸ்ஐங்கற கம்பெனி பேர்ல சொல்றது ஒண்ணு. ஃபைல் பேர்ல இருந்து சால்வரைக் (கணக்குப் போடற ப்ரோக்ராம்) கூப்பிடற விதம் வரைக்கும் வித்தியாசம் இருக்கு, ஒண்ணோட டுடோரியலை இன்னொண்ணுல ஓட்டினா பாதி நேரம் ஓடாது. ஆரம்பிக்கும்போதே ஒண்ணைப் புடிச்சு அதோட டுடோரியலை மட்டும் பாருங்க. விண்டோஸ்காரங்க டபிள்யூஎஸ்எல்ல (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற வசதி) போட்டுக்கலாம், 2டி சிலிண்டருக்கு சாதா லேப்டாப்பே தாராளம்.