மெடிகேப் பிளான் ஜி: க்ளெய்ம் சரி, பிரீமியம்தான் எரிச்சல்

65 முடியப்போகிற தோழி ஒருத்தி, அமெரிக்க அரசு முதியவர்களுக்குத் தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு மேல், அது விட்டுவைக்கும் பங்கைக் கட்டும் தனியார் மெடிகேப் பாலிசிகளில் எதை எடுக்கலாம் என்று கேட்டாள். எங்களிடம் இருப்பது பிளான் ஜி. எங்களுக்குப் பிரீமியத்தை ஏற்றிக் கடிதம் வந்த வாரம் பார்த்துக் கேட்டதால் கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. மெடிகேரில் டாக்டர் செலவைப் பார்க்கும் பார்ட் பி 80 சதவீதம் கொடுக்கும், மீதி 20-க்கு உச்சவரம்பே கிடையாது, அந்த 20-தான் எங்கள் பயம். அப்புறம் மெடிகேரிலிருந்து 'இது பில் அல்ல' என்று பெரிய எழுத்தில் போட்ட தாள் வந்தது. சர்ஜன், மயக்க மருந்து கொடுத்தவர், ஃபிசியோதெரபி என்று வரிசையாகப் போட்டு, ஓரத்தில் நம்மிடம் அதிகபட்சம் கேட்கக்கூடிய தொகையும் இருந்தது. சரி, பில் வரும் என்று காத்திருந்தோம். வரவே இல்லை. மெடிகேரே க்ளெய்மை மெடிகேப் கம்பெனிக்கு அனுப்பி, அவர்களும் கட்டி முடித்துவிட்டார்கள், நாங்கள் ஒரு ஃபாரம்கூட நிரப்பவில்லை. எங்கள் கையிலிருந்து போனது பார்ட் பி டிடக்டபிள், அதாவது வருடத்துக்கு முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை, 2025-க்கு 257 டாலர், அதோடு சரி. மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாக வாங்கும் அட்வான்டேஜ் பிளானில் இருக்கும் நண்பர்கள் முன் அனுமதிக்கும் நெட்வொர்க் டாக்டருக்கும் அலைவதைப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: பிளான் ஜி-யில் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு 250 டாலர் போக 80 சதவீதம் உண்டு. ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் ஆரம்பித்ததாக இருக்க வேண்டும், ஆயுள் முழுக்க 50,000 டாலர்தான். பொங்கலுக்குப் போய் சித்திரை வரை தங்குகிறவர்கள் தனியாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எரிச்சல். பிளான் ஜி எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் சலுகைகள் ஒன்றுதான், சட்டமே அப்படி. விலை மட்டும்தான் வேறு. எங்களுடையது வயதோடு ஏறும் வகை, அது போக மருத்துவச் செலவு கூடிவிட்டது என்று பொதுவாகவும் ஏற்றுகிறார்கள். வருடா வருடம் ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு இதுதான் மரியாதையா? வேறு கம்பெனிக்கு மாறு என்று சுலபமாகச் சொல்வார்கள். 65-க்கு மேல் பார்ட் பி தொடங்கிய முதல் 6 மாதம்தான் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள், அது தாண்டினால் பெரும்பாலான மாநிலங்களில் உடம்பைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டு, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. சர்க்கரையும் இதயத்தில் ஸ்டென்டும் இருக்கிற மனிதரை யார் எடுப்பார்கள்? அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மாறலாம் என்று டிவியில் கத்துவது அட்வான்டேஜுக்கும் மருந்து பிளானுக்கும்தான், மெடிகேப்புக்கு இல்லை. நியூயார்க், கனெக்டிகட்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், எப்போது வேண்டுமானாலும் மாறலாம். கலிபோர்னியாவில் பிறந்தநாளை ஒட்டி ஒரு வாய்ப்பு உண்டு. எங்கள் மாநிலத்தில் அந்தப் பேச்சே இல்லை.

அதனால் தோழியிடம் சொன்னது இதுதான்: பிளான் ஜி எடு, அந்த 6 மாதத்தை விட்டுவிடாதே. இன்றைய பிரீமியத்தைப் பார்த்து மயங்காமல், கடந்த சில வருடங்களில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேள், மெடிகேர் பற்றி வழிகாட்டும் மாநிலத்தின் ஷிப் (SHIP) ஆலோசகர்கள் இலவசமாகவே உதவுவார்கள். எங்கள் கம்பெனி ஒரு க்ளெய்மில்கூடக் குறை வைத்ததில்லை. இருந்தும் அந்தக் கம்பெனியில் எடு என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.