போனா, கவுன்சிலா, சர்வேயரா: பழுதான வாடகை வீட்டு வழக்குக்கு எது சாட்சி?

இங்கிலாந்தில் வாடகை வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சணம் படர்ந்து, பலமுறை சொல்லியும் வீட்டுக்காரர் திருத்தவில்லை என்றால் வழக்குப் போடலாம். சாட்சியம் சேர்க்க மூன்று வழி உண்டு: நாமே போனில் பதிவது, கவுன்சில் (உள்ளூராட்சி) அதிகாரியைக் கூப்பிடுவது, காசு கொடுத்து சர்வேயரை (கட்டடத்தின் நிலையைப் பரிசோதித்து அறிக்கை தரும் நிபுணரை) வைப்பது. பலரும் சர்வேயர் அறிக்கைதான் கனமானது என்று நேரே அங்கே போகிறார்கள். என் ஓட்டு போனுக்கு.

காரணம், தேதி. 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர், குடியிருப்போர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 11ஆம் பிரிவு கூரை, சுவர், வடிகால், தண்ணீர், காஸ், மின்சாரம், ஹீட்டிங் எல்லாவற்றின் பழுதையும் வீட்டுக்காரர் பொறுப்பில் விடுகிறது. ஆனால் நாம் குடியிருக்கும் பகுதிக்குள் வரும் பழுது அவருக்குத் தெரியவந்து, திருத்த நியாயமான அவகாசமும் கழிந்த பிறகுதான் அவர் மீது பொறுப்பு விழும். நஷ்டஈட்டைப் பெரும்பாலும் வாடகையில் ஒரு பங்காக மாதக்கணக்கில் பார்ப்பார்கள். வாடகை 1,400 பவுண்டு, அதில் கால்பங்கு என்று வைத்தால் மாதம் 350. இரண்டு வருடம் கணக்கில் வந்தால் 8,400. கடைசி ஆறு மாதத்துக்கு மட்டுமே நிரூபிக்க முடிந்தால் 2,100. சர்வேயர் சுவரைத் தட்டிப் பார்த்து இது பழைய ஈரம் என்று சொல்லலாம். வீட்டுக்காரரிடம் என்றைக்குச் சொன்னோம் என்பதைச் சுவர் சொல்லாது.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் நம்மவர் வீட்டில் நம்மவரே குடியிருக்கும்போது ஓட்டை விழுவது இங்கேதான். "அண்ணை, பின்னறைச் சுவரில தண்ணி ஊறுது" என்று போனில் சொல்வதோடு சரி. எழுதி அனுப்பினால் மரியாதைக் குறைவு என்று ஒரு கூச்சம். வாயால் சொன்னதும் சட்டப்படி அறிவிப்புதான், ஆனால் அவர் மறுத்தால் கையில் ஒன்றும் இருக்காது. போனை வைத்த கையோடு "அண்ணை, இப்ப கதைச்ச சுவர் விஷயம், எப்ப ஆள் அனுப்புவீங்கள்?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். வாய்ஸ் நோட் வேண்டாம். பிறகு எழுத்தாக்கி மொழிபெயர்க்கும் செலவு வரும். மெசேஜ் தானாக மறையும் வசதி ஆனில் இருந்தால் அணைத்துவிட்டு, சாட்டை எக்ஸ்போர்ட் செய்து ஈமெயிலில் வையுங்கள். கடிதம் என்றால் போஸ்ட் ஆபிஸ் கவுண்டரில் இலவசமாகத் தரும் தபால் சான்று போதும். கையெழுத்து வாங்கும் தபாலை அவர் வாங்க மறுத்தால் கடிதம் திரும்பி வந்துவிடும்.

படம் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று: அறை முழுவதும், ஜன்னலோ கதவோ தெரிய அந்தச் சுவர், பக்கத்தில் அளவுகோல் வைத்து நெருக்கமாக. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் தேதி விவரம் கழன்றுவிடும், அதனால் அசல் ஃபைல் போனிலும் கிளவுடிலும் இருக்கட்டும். பூஞ்சணம் பிடித்த மெத்தையைப் படம் எடுக்காமல் எறியாதீர்கள்.

மழை பெய்யும்போது வெளியே போய்க் கூரைப் பீலி வழிவதையும் எடுக்க வேண்டும். ஈரம் வெளியிலிருந்து வருகிறது என்று காட்ட அது உதவும். ஏனென்றால் குளிர்ந்த சுவரில் ஆவி படிவது மட்டும் 11ஆம் பிரிவின்படி பழுது அல்ல என்று 1985இலேயே அப்பீல் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. "சோறு வடிக்கிறீங்கள், உடுப்பை உள்ளே காயப்போடுறீங்கள்" என்று வீட்டுக்காரரிடமிருந்து பதில் கட்டாயம் வரும். 2019 மார்ச் 20 முதல் நடப்பில் உள்ள, வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற சட்டம் இந்த இடைவெளியைப் பெருமளவு அடைக்கிறது. என்றாலும் காலை, இரவு ஈரப்பத அளவு, ஹீட்டிங் பில், சமையலறை ஃபேன் ஓடும் வீடியோ (ஓடாவிட்டால் அந்த வீடியோ இன்னும் நல்லது) சேர்த்து வையுங்கள். சுவரில் குத்திப் பார்க்கும் மலிவு மீட்டரை நம்ப வேண்டாம். அதன் அளவு மரத்துக்கானது. உப்புப் பூத்த பூச்சில் கூட்டிக் காட்டும்.

கவுன்சில் இலவசம். அதிகாரி 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி (Housing Act) வீட்டிலுள்ள அபாயங்களைப் பார்ப்பார். முதல் தர, அதாவது மிகக் கடுமையான, அபாயம் என்று கண்டால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். நடுநிலையான ஆள் எழுதிய தாள் என்பதால் மதிப்பு உண்டு. ஆனால் அவர் வருவது பழுதைத் திருத்த வைக்க, உங்கள் நஷ்டஈட்டுக்கு அல்ல. எவ்வளவு நாளில் வருவார் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். கவுன்சிலே வீட்டுக்காரர் என்றால் அது தனக்குத் தானே நோட்டீஸ் கொடுக்க முடியாது. கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கில்லாமல் வீடு வாடகைக்கு விடும் அமைப்பு) வீடுகளுக்கு வேறு சாவி இருக்கிறது: உங்களைப் பற்றிய பதிவுகளைத் தரும்படி எழுதிக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் போன் செய்த தேதிகள் அவர்கள் ரெக்கார்டிலேயே கிடக்கும்.

சர்வேயர் தேவைப்படுவது பழுதுக்குக் காரணம் எது என்ற சண்டை வரும்போது. பழுதுபார்க்கும் செலவு மதிப்பீடும் அவரிடம்தான் கிடைக்கும். அந்தச் செலவோ நஷ்டஈடோ 1,000 பவுண்டைத் தாண்டினால் வழக்கு பொதுவாகச் சிறு வழக்குப் பிரிவைத் தாண்டிப் போகும், வென்றால் வக்கீல் செலவையும் எதிர்த்தரப்பிடம் கேட்கலாம். ஆனால் வழக்குக்கு முந்தைய நடைமுறைப்படி முதலில் கோரிக்கைக் கடிதம், பதிலுக்கு 20 வேலை நாள், அதன் பிறகு முடிந்தால் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரே நிபுணர். அதற்கு முன்பே சொந்தச் செலவில் எடுத்த அறிக்கையைக் கோர்ட் அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது; அந்தக் காசு திரும்பாமலும் போகலாம். கதவைத் தட்டி "சர்வே ஃப்ரீ" என்பவர்களிடம் எதிலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்.

எந்த வழியில் போனாலும், ஆள் அனுப்புகிறேன் என்று அவர் சொன்ன நாளில் வீட்டில் இருந்து, வந்தாரா இல்லையா என்பதை அன்றே மெசேஜில் எழுதிவிடுங்கள். "உள்ளே விடவில்லை" என்பது அவர்கள் வழக்கமாக எடுக்கும் வாதம். வாடகையை நிறுத்தவும் வேண்டாம். பாக்கி விழுந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவர் வழக்குப் போடுவார்.