சந்திக்குச் சந்தி கமராவா, ஆளைக் குறித்த கண்காணிப்பா?

மட்டக்களப்பில் இந்தப் பேச்சு எடுத்தால் 2019 ஏப்ரல் 21, சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு என்றுதான் போய் நிற்கும். நிற்கவும் வேண்டும். ஆனால் எல்லோரையும் கண்காணித்தால்தான் பாதுகாப்பு என்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அன்று தகவல் இல்லாமல் போகவில்லை, இந்தியாவிலிருந்து எச்சரிக்கை ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்திருந்தது, பொறுப்பானவர்கள் அதன்மேல் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்றுதான் உயர் நீதிமன்றமும் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

கமரா கெட்டதில்லை. இடித்துவிட்டு ஓடிய வாகனத்தையும் கடை உடைத்தவனையும் பிடிக்கலாம், பெரும்பாலும் எல்லாம் நடந்த பிறகு. அதோடு காத்தான்குடி வியாபாரி, முன்னாள் போராளி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கூடும் அம்மாமார் எல்லோரும் அதே பதிவுக்குள் வந்துவிடுகிறார்கள். அதை யார் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது? 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது சரி, தேசிய பாதுகாப்பு என்றால் அதிலும் விலக்கு உண்டு.

குறித்த ஆளை, நீதிமன்ற அனுமதியோடு, காலக்கெடு போட்டுக் கண்காணிப்பது மெதுவான வேலை, அவசரத்துக்கு இடிக்கும். ஆனாலும் அனுமதி கேட்பவர் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா, அதற்காகவே என் வாக்கு இதற்குத்தான். கமரா பஸ் நிலையத்திலும் சந்தையிலும் இருக்கட்டும், ஒழுங்கைக்குள் வேண்டாம்.