பேட்டரியை மாற்றச் சொன்னால், கசிவை அளந்தார்களா என்று முதலில் கேளுங்கள்

கோவையில் உள்ள ஒரு பெரிய ஒர்க்‌ஷாப், என்னுடைய 2009ஆம் ஆண்டு சான்ட்ரோ காரில் இருந்த மின்கசிவை (வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து வீணாகப் போகும் மின்சாரத்தை) ஒருமுறைகூட அளந்து பார்க்காமல், முதலில் பேட்டரியையும் பிறகு, எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரையும் மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டது. கசிவுக்குக் காரணம் அதே ஒர்க்‌ஷாப்பில் பொருத்தப்பட்ட ஆம்ப்ளிஃபயர், அதாவது ஸ்டீரியோவின் ஒலியைக் கூட்டும் பெட்டி. பழைய கார் வைத்திருக்கும் வேறு யாரும் இப்படிப் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காக, நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

ஆம்ப்ளிஃபயர் பொருத்திய பிறகுதான் தொல்லை தொடங்கியது. தினமும் ஓட்டும்போது குறை தெரியவில்லை. சனி, ஞாயிறு நிறுத்திவிட்டுத் திங்கள் காலை சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. இதை முதல் நாளே சூப்பர்வைசரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “பேட்டரி வீக் சார், மாத்திடலாம்” என்றார். புதிய பேட்டரிக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. சில வாரங்களில் அதுவும் அதேபோல் இறங்கியது. அடுத்து, ஆல்டர்நேட்டர் சரியாகச் சார்ஜ் செய்யவில்லை என்று சொல்லி, ரீகண்டிஷன் செய்த ஒன்றைப் போட்டு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினார்கள். சார்ஜிங் எத்தனை வோல்ட் வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கழற்றிய பழைய ஆல்டர்நேட்டரைக் கேட்டபோது, அது ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். மூன்றாவது முறை சென்றபோது, “பழைய வண்டி சார், ஒயரிங்கே போயிருக்கும்” என்று கூறி, ஒயரிங் முழுவதையும் மாற்றப் பதினெட்டாயிரத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்தத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

உக்கடம் பக்கத்தில் சிறிய கடை வைத்திருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன், வண்டியை இரவு கடையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை என் கண் முன்னால் சோதித்தார். கதவுகளைச் சாத்தி, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றினார். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய கேபிளுக்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையில் இணைத்தார். வண்டி உறங்கும் நிலைக்குப் போவதற்காக அரை மணி நேரம் எதையும் தொடாமல் காத்திருந்த பிறகும் மீட்டர் 0.68 ஆம்பியர் காட்டியது. இயல்பாக இருக்க வேண்டியது 0.05 ஆம்பியருக்குள்தான். 0.68 என்பது பார்வைக்குச் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒரு நாளில் அது 16 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடுகிறது. என் வண்டியில் இருப்பதோ மொத்தமே 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி. இரண்டு நாள் நின்றால் செல்ஃப் எடுக்காமல் போனதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எந்த ஃபியூஸ் கழலும்போது அளவு விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் கசிவு. டாஷ்போர்டின் கீழ் இருந்தவை, எஞ்சின் பக்கம் இருந்தவை என எல்லாவற்றையும் கழற்றியும் 0.68 அசையவில்லை. ஆல்டர்நேட்டரின் டயோடு பழுதானாலும் கசியும் என்பதால், அதன் தடித்த ஒயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கிவைத்துப் பார்த்தார், அப்போதும் மாற்றமில்லை. கடைசியாக, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து நேராக உள்ளே செல்லும் சிவப்பு ஒயர் ஒன்றில் தனியாக இருந்த ஃபியூஸை உருவியவுடன் மீட்டர் 0.02க்கு இறங்கியது. அந்த ஒயர் ஓட்டுநர் இருக்கையின் அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயருக்குச் சென்றது. இரவு முழுவதும் அணைந்திருக்க வேண்டிய அந்தப் பெட்டி கைக்கு நன்றாகச் சுட்டது. ஸ்டீரியோ ஓடும்போது மட்டும் ஆம்ப்ளிஃபயரை உயிர்ப்பிக்க வேண்டிய மெல்லிய ரிமோட் ஒயரை, ஸ்டீரியோ வரை இழுக்காமல், பவர் ஒயருடனேயே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ரிமோட் ஒயரைச் சரியாக இழுத்துக் கொடுத்ததற்கு அவர் வாங்கியது ஐந்நூறு ரூபாய்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது பணம் மட்டுமன்று. அடியோடு இறங்கி இறங்கி ஏறும் லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, அதன் கொள்ளளவு குறைந்துவிடும். ஆகவே புதிதாக வாங்கிய பேட்டரியும் இப்போது பாதிக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் வண்டிக்கும் இதே தொல்லை இருந்தால், எதையும் மாற்றச் சம்மதிக்கும் முன் மூன்று அளவுகளைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் உள்ள வோல்ட் முதலாவது; முழுச் சார்ஜில் அது 12.6 அளவில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் வரும் வோல்ட் அடுத்தது, பொதுவாக 13.8 முதல் 14.4 வரை வந்தால் ஆல்டர்நேட்டர்மீது பழி போட முடியாது. மூன்றாவது, வண்டி நிற்கும்போது போகும் ஆம்பியர். இதை நீங்களே அளப்பதாக இருந்தால், மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். வெளியில் பொருத்திய ஸ்டீரியோ, கேமரா, அலாரம், ஜிபிஎஸ் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். அவற்றின் ஒயர்கள் பெரும்பாலும் வண்டியின் ஃபியூஸ் பெட்டி வழியாக வருவதில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

பில்களையும் எஸ்டிமேட்டையும் இணைத்து ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். ஆம்ப்ளிஃபயரின் விலையில் மட்டும் சலுகை தருவதாகப் பதில் வந்தது. நான் அதை ஏற்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிவு செய்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு தொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.