மின் ஸ்மோக்கர்: சூடு சரி, புகைதான் தகராறு

மின் ஸ்மோக்கர் என்பது மின்சாரச் சூட்டில் மரச்சில்லைப் புகையவிட்டு இறைச்சி வேகவைக்கும் அடுப்பு. கோலாலம்பூரில் தரைவீட்டுக் கொல்லைக்கு 800 வாட் பெட்டி ரகம் போதும். 110 டிகிரியில் வைத்தால் சூடு அதை ஒட்டியே நிற்கிறது.

ஆனால் தட்டு நிறைய மரச்சில்லைக் கொட்டினால், அதிலும் ஊறவைத்துப் போட்டால், கோழி கசக்கும். ஈரச் சில்லு முதலில் வெறும் நீராவிதான் விடும். பிறகு காற்றுப் போதாமல் புழுங்கி அடர்ந்த வெள்ளைப் புகை கக்கும். அதிலுள்ள கிரியோசோட் என்ற தார் போன்ற கசப்புப் பொருள்தான் நாக்கில் சுருக்கென்று பிடிப்பது.

மேல் காற்றுத்துளையை முழுதாகத் திறந்து வையுங்கள். புகையை அடைத்து வைத்தால் ருசி கூடும் என்பது தப்புக்கணக்கு. தேங்கும் புகை கரியாகப் படியும். காலிப் பெட்டியை 30 நிமிடம் சூடாக்கி, காய்ந்த சில்லு ஒரு கைப்பிடி போடுங்கள். புகை மெலிந்து நீலம் தட்டிய பிறகு, ஈரம் துடைத்த இறைச்சியை வையுங்கள். அப்புறம் 40 நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கைப்பிடி. இரண்டு மணி நேரத்துக்குமேல் சில்லே வேண்டாம்.

நம்மூர்க் காற்றில் பிரித்த சில்லுப் பாக்கெட் தானாகவே ஈரம் இழுக்கும். மூடிய டின்னில் வையுங்கள். உட்சுவரில் பளபளவென்று கறுப்புப் பிசின் தெரிந்தால் சுரண்டிவிட்டுத்தான் அடுத்த சமையல்.

வாங்குமுன் வோல்ட்டைப் பாருங்கள். அமெரிக்காவுக்கான 120 வோல்ட் மாடலை நம் வீட்டு மின்சாரத்தில் நேராகச் சொருகக் கூடாது.