சீட்டா, கிழமைக்கடனா, இணைத்தொகைச் சேமிப்பா? கட்ட முடியாத மாதத்தை வைத்து ஓர் அலசல்

திருகோணமலைக் கரையில் உள்ள சல்லியில் கருவாடு போட்டு விற்கும் குடும்பம் எங்களுடையது. மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைத்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்குவது என்று 2023இல் தீர்மானித்தபோது எங்களுக்கு மூன்று வழிகள் தெரிந்தன. ஊரில் நடக்கும் சீட்டு ஒன்று. நுண்நிதி நிறுவனங்கள் குழுவாகக் கொடுத்து, கிழமைதோறும் வீட்டு வாசலுக்கே வந்து வசூலிக்கும் கிழமைக்கடன் இன்னொன்று. மூன்றாவது, எங்கள் மாதர் சங்கத்தின் ஊடாக ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கிய இணைத்தொகைச் சேமிப்பு. நாங்கள் மூன்றாவதையே எடுத்தோம். அதன் பக்கமே நான் சாய்ந்திருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இணைத்தொகைச் சேமிப்பு என்பது, நாம் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இன்னொரு தரப்பு ஒரு ரூபாயையோ அதற்கு மேலோ சேர்த்துக் கொடுக்கும் கணக்கு. சேர்ந்த பணத்தைத் தொழில், கல்வி, வீடு போன்ற நிலைக்கும் தேவைகளுக்கே பயன்படுத்தலாம். வசதி உள்ளவர்கள் வீடும் ஓய்வூதியமும் சேர்ப்பதற்கு வரிச்சலுகை கொடுக்கும் அரசுகள், ஏழைகளுக்கு அன்றாடச் செலவுக்கு மட்டும் உதவிவிட்டு நின்றுவிடுகின்றன என்ற வாதத்துடன், அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் ஷெரடன் 1991இல் இந்த யோசனையை முன்வைத்தார். 1998இல் அங்கே அதற்கெனச் சட்டமும் வந்தது.

வட்டிக் கணக்கில் ஒப்பிடுவதற்கு அதிகம் இல்லை. ஒன்றுக்கு ஒன்று சேர்த்துக் கொடுக்கும் கணக்கோடு எந்த வங்கி வட்டியும் போட்டியிட முடியாது. 2022 செப்டெம்பரில் இலங்கையில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, சாதாரண சேமிப்புப் புத்தகத்தில் கிடந்த பணம் எப்படிக் கரைந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். நகை வாங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் எங்கள் வீட்டில் காப்பு கைக்கு வந்த வேகத்திலேயே அடகுக்கும் போயிருக்கிறது.

எங்களைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: பணம் கட்ட முடியாத மாதத்தில் என்ன நடக்கும்? கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மூன்று மாதங்களும் எங்கள் கரையில் வாடைக்காலம். கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையில் ஏற்றப்பட்டிருக்கும், மீன் கிடைத்தாலும் காயவைக்க வெயில் இருக்காது. கடலை நம்பிய குடும்பத்துக்கு இம்மாதங்கள் எதிர்பாராத இடர் அல்ல, வருடந்தோறும் வருபவை. ஆகவே பன்னிரண்டு மாதமும் ஒரே தொகையைக் கேட்கும் எந்த ஏற்பாடும் மூன்று மாதம் எங்களைக் கடனாளியாக்கியே தீரும்.

சீட்டில் தவறினால் வட்டியை விடப் பெயருக்கே சேதம் அதிகம். மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது பேர் கட்டும் ஒரு இலட்சம் ரூபாய்ச் சீட்டில் ஒருத்தி தவறினால், அந்த மாதம் எடுக்க இருப்பவளுக்குத் தொகை குறைகிறது. சீட்டுப் பிடிக்கும் அக்கா ஒருமுறை எங்கள் படலையில் நின்று, “தங்கச்சி, இந்த மாதம் நான் போட்டுக் கட்டுறன், தைக்குள்ள தாங்கோ” என்றார். அவர் நல்லவர், ஆனால் அந்தக் கடனை அடைக்கும்வரை அவர் வீட்டைக் கடந்து கோயிலுக்குப் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவசரத்துக்கு, குறைந்த தொகை போதும் என்று கழிவு கூறி முன்கூட்டியே சீட்டை எடுத்தால், சேர்த்த பணத்தில் ஒரு பங்கை நாமே மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறோம்.

கிழமைக்கடன் இன்னும் கடினமானது. ஒருத்தி தவறினால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும். அதை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க வேறொன்று என்று போன வீடுகளை நான் அறிவேன். வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு 100,000 ரூபாய் வரையான நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் 2018இல் அறிவித்தது. திருகோணமலையும் அவற்றில் ஒன்று.

இணைத்தொகைக் கணக்கில் தவறிய மாதத்துக்கு இணைத்தொகை கிடைக்காது, அவ்வளவுதான். என் புத்தகத்தில் ஐப்பசி முத்திரைக்கு நேர் கீழே மாசி முத்திரை இருக்கிறது; இடையில் தண்டமோ சிவப்பு மையோ இல்லை. மாதம் 2,500 ரூபாய் வீதம் இரண்டு வருடங்களில் பதினெட்டு மாதங்கள் கட்டினேன், ஆறு மாதங்கள் கட்டவில்லை. என் 45,000 ரூபாய் 90,000 ஆனது. கையிலிருந்து 6,000 சேர்த்து இயந்திரத்தை வாங்கினோம்.

இது எங்கள் கணக்குக்கு மட்டும் கிடைத்த சலுகை அன்று. அமெரிக்காவில் 1997இல் தொடங்கி 2,300க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடத்திய இதே வகைச் சோதனைத் திட்டத்திலும் பங்கேற்றோர் சராசரியாக வருடத்தில் ஆறு மாதங்களே பணம் போட்டனர். மாதச் சராசரி ஏறத்தாழ 19 டொலர். பிரித்தானியாவில் 2018இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மாதம் 50 பவுண் வரை போடலாம், நான்கு வருடங்களில் 1,200 பவுண் வரை மேலதிகமாகப் பெறலாம். அங்கும் ஒவ்வொரு மாதமும் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இணைத்தொகை நம் கைக்கு வராது; விலைப்பட்டியல்கள் கொடுத்த பின் நேரே கடைக்குப் போகும். எங்களுக்கு அது இரண்டு மாதம் தாமதமானது, அதற்குள் கடைக்காரர் விலையைக் கூட்டிவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நடுவில் எடுத்தால் நம் பணம் மட்டுமே திரும்பும். அந்த அவசரத்துக்குச் சீட்டுத்தான் உதவும். நன்கொடை நின்றால் திட்டமும் நிற்கும்: அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வந்த நிதிக்கே 2017இலிருந்து ஒதுக்கீடு இல்லாமல் போனது. வீடு வாங்க இது எவ்வளவு உதவும் என்பதிலும் நான் உறுதி கூறமாட்டேன். அமெரிக்காவின் டல்சா நகரில் பத்து வருடங்களின் பின் பார்த்தபோது, அந்தச் சோதனைத் திட்டத்தில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சொந்த வீடு வைத்திருப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நான் ஒரு சுற்று கட்டியவள். என் அனுபவம் ஓர் இயந்திரத்தோடு நிற்கிறது.

சேர விரும்புவோர் இரண்டை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: எத்தனை மாதம் தவறினால் கணக்கு மூடப்படும், இணைத்தொகைக்கான பணம் இப்போதே வங்கியில் இருக்கிறதா. பொங்கலுக்கு மா அரைக்கவும் வறுத்த மிளகாய் அரைக்கவும் மார்கழியில்தான் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் அதிகம் வருகிறார்கள். அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இம்முறை வாடை மாதங்களிலும் ஆயிரம் ரூபாயாவது போட எண்ணியிருக்கிறேன்.