பராலாய்ட், கலெக்டிவ்அக்சஸ், தடித்த பதிவேடு: பல வருடப் பாவனைக்குப் பிறகு

கொழும்பில் நூதனசாலை என்றால் 1877 இல் திறந்த அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் பதிவாளராக இருப்பது அதன் ஒரு மூலைக்குள் அடங்கிவிடக்கூடிய தனியார் சேகரிப்பொன்றில். குத்துவிளக்கு, ஏட்டுச்சுவடி, சேதுக் காசு, முகமூடி, பழைய சேலை என்று எல்லாம் கலந்திருக்கும். உள்ளே வரும் பொருளுக்கு இலக்கம் கொடுப்பது, எந்த இறாக்கையில் இருக்கிறது என்று எழுதுவது, இரவல் போனால் எந்த நிலையில் திரும்பியது என்று பார்ப்பது, இதுதான் வேலை. இதற்கு நான் நம்பியிருக்கும் மூன்று சாமான்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் பராலாய்ட் பி-72. அசெட்டோனில் கரையும் அக்ரிலிக் பிசின் இது. பொருளில் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து மெல்லிய பட்டை பூசி, காய்ந்ததும் அதன்மேல் பிக்மா என்ற மை மங்காத பேனையால் இலக்கம் எழுதுவோம். வேண்டாமென்றால் அசெட்டோனில் தோய்த்த பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம். பித்தளை, பீங்கான், கல் போன்றவற்றுக்கு இதைவிடத் தோதானது எனக்கு அகப்படவில்லை.

ஆனால் கொழும்புக் காற்று இதற்குப் பகை. மழை நாளில் பூசினால் அசெட்டோன் சட்டென்று ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்த்திவிடும். அந்தக் குளிரில் காற்றின் ஈரம் படிந்து, பட்டை பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். ஏசி ஓடி அறை உலர்ந்த பிறகுதான் இப்போது போத்தலைத் திறக்கிறேன். மேல்பூச்சு இன்னொரு தொல்லை. எழுத்தின் மேலும் அதையே பூசும்போது தூரிகை இரண்டாம் முறை போனால் அடிப்பட்டை கரைந்து இலக்கம் இழுபடும். அதனால் இலக்கத்தை அமிலமற்ற தாளில் லேசரில் பொடி எழுத்தாக அச்சடித்து, நறுக்கி, பராலாய்டாலேயே ஒட்டுகிறேன். என் கையெழுத்தைவிட வடிவாகவும் இருக்கிறது.

வர்ண முகமூடி, அரக்கு வேலை, பிளாஸ்டிக் பக்கம் இதைக் கொண்டே போகாதீர்கள், அசெட்டோன் வர்ணத்தைத் தின்றுவிடும். அவற்றுக்குப் பருத்தி நாடாவில் அட்டை கட்டுவோம். சேலைக்கு நாடாவில் எழுதி இரண்டு தையல். காசுக்கு உறையில் எழுதினால் போதும்.

அடுத்தது கலெக்டிவ்அக்சஸ். சேகரிப்பிலுள்ள பொருட்களின் விவரங்களைக் கணினியில் பதிந்து தேடுவதற்கான, காசு கேட்காத திறந்த மூல மென்பொருள். ஆனால் அது ஓடுவதற்கு வேண்டிய பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் நிறுவும்போதே தலை சுற்றும். பொருளுக்கு மாற்றுப் பெயர்களைச் சேர்க்கலாம் என்பதற்காகவே நான் இதை விடவில்லை. தேசிய நூதனசாலையில் இருக்கும், 1911 இல் காலியில் கிடைத்த கல்வெட்டையே எடுங்கள். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உள்ள கல். ஒருவர் மும்மொழிக் கல்வெட்டு என்பார், இன்னொருவர் காலிக் கல்வெட்டு என்பார், சீனாவிலிருந்து வருபவர் அதை இங்கே கொண்டுவந்த சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ பெயரைச் சொல்லித் தேடுவார். எங்கள் விளக்குகளுக்கும் இதே கதைதான். எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே பதிவு வந்து நிற்க வேண்டும். இடமாற்ற வரலாறும் உருப்படியானது. “அக்கா, விளக்கு மூன்றாம் இறாக்கையில் இல்லையே” என்று களஞ்சியத்துத் தம்பி வந்து நின்றால், கடைசியாக யார் எங்கே நகர்த்தினார் என்று அப்போதே பார்த்துச் சொல்லலாம். நகர்த்தியவர் பதிந்திருந்தால்தான்.

கரண்ட் இருக்கவும் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது எங்களைக் காப்பாற்றியது பதிவேடுதான். தைத்துக் கட்டிய, பக்க இலக்கம் அச்சடித்த பெரிய கொப்பி. தாளைக் கழற்றவோ இடையில் செருகவோ முடியாது என்பதுதான் அதன் பெறுமதி. பிழையை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையொப்பமும் திகதியும் போடுவோம், திருத்தும் வெள்ளை மைக்கு அங்கே இடமில்லை. பொருளின் இலக்கம் 2018.4.2 என்றால் 2018 இல் வந்த நான்காவது தொகுதியின் இரண்டாவது பொருள். கழலும் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் தனித்தனி எழுத்துச் சேர்ப்போம். இல்லாவிட்டால் ஒருநாள் மூடி வேறொரு செம்பின் தலையில் போய் உட்கார்ந்துவிடும்.

கோயிலிலோ பாடசாலையிலோ புதிதாகத் தொடங்குபவர்கள் பதிவேட்டையும் பராலாய்டையும் முதலில் வாங்குங்கள். பொருட்கள் சில நூறைத் தாண்டிய பிறகு மென்பொருளைப் பார்க்கலாம். பராலாய்டைக் கரைசலாக வாங்காமல் மணிகளாக வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். போத்தல் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அசெட்டோன் பறந்து, கரைசல் பாகாகிவிடும்.